டாக்டருக்கான கடிதம் ஏன் இங்கேயே கிடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆன்டன் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தின் முடிவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு ருஷ்ய நாடகத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. கட்டுரையாளர் ரசித்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கடைசிப் பத்தியில், கிழட்டு வேலைக்காரன் ஃபிர்ஸ் பூட்டிய வீட்டுக்குள் உயிரை விடுகிறான், அவனோடு ஒரு யுகமே முடிகிறது என்று இருந்தது. எனக்கு இதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, 87 வயதுக்காரரை ‘அவன்’ என்றது. வேலைக்காரர் என்றால் நமக்குத் தானாகவே ‘அன்’ விகுதி வந்துவிடுகிறது. இன்னொன்று, ஃபிர்ஸ் இறந்துபோனதாக செகாவ் எழுதவே இல்லை. அசையாமல் படுத்திருக்கிறார் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் அரசு மருத்துவராக இருந்தவள் நான். நாடி பிடித்துப் பார்க்காமல் ஒருவரை இறந்தவர் கணக்கில் சேர்க்க எனக்குக் கை வராது.

நாடகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கடனில் மூழ்கிய ஒரு பண்ணை. அதன் சொந்தக்காரி ரனேவ்ஸ்கயா என்ற அம்மாள், அவர் சகோதரர் காயெவ். ஆகஸ்டு 22-ஆம் தேதி ஏலம். ஏலத்தில் எடுப்பவர் லோபாகின். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே பண்ணையில் அடிமைக் குடியானவர்கள். கடனுக்கு மேல் 90 ஆயிரம் ரூபிள் கொடுத்து வாங்கி, செர்ரி மரங்களை வெட்டிவிட்டு, கோடைக்காலப் பங்களாக்களுக்கு மனை போடப் போகிறார். நான்காம் அங்கத்தில், அக்டோபர் மாதத்தில், எல்லோரும் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகிறார்கள். வீட்டைப் பூட்டுகிறார்கள். வண்டிகள் கிளம்புகிற சத்தம் கேட்கிறது. அப்புறம் பக்கத்து அறையிலிருந்து, உடம்பு சரியில்லாத ஃபிர்ஸ் செருப்போடு மெல்ல நடந்து வருகிறார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த அதே ஃபிர்ஸ்.

நான் இதை முதலில் பார்த்தது 1986 மார்ச்சில். அப்போது ருஷ்யாவின் ரஸ்தோவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். செகாவ் பிறந்த தகன்ரோக் அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். எங்களுக்கு ருஷ்ய மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியை வெளிநாட்டு மாணவர்கள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு எலெக்ட்ரிச்கா என்ற மின்சார ரயிலில் போனார். பகலில் செகாவ் பிறந்த வீடு. நம் ஊர்த் தாலுகா அலுவலகத்தின் ஒரு அறைக்குள் அடங்கிவிடும், அவ்வளவு சின்ன வீடு. இரவு அவர் பெயரிலுள்ள பழைய அரங்கில் நாடகம். பள்ளிக்கூடப் பையனாக செகாவ் மேல்மாடத்து மலிவு இருக்கையில் உட்கார்ந்து நாடகம் பார்த்த அரங்கு அது.

ரஸ்தோவுக்குக் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். அங்கே அரங்கில் நுழையும்போது குளிர்க்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு நம்பர் வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் அதைத் திரும்ப வாங்கப் பெரிய வரிசை நிற்கும். ஆனால் பைனாகுலர் வாடகைக்கு எடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், நேராகப் போய் வாங்கிக்கொள்ளலாம். ஆசிரியை எங்கள் எல்லோருக்கும் பைனாகுலர் எடுக்கச் சொன்னார். அப்படியாக நான்காம் அங்கத்தில் நாங்கள் ஏழு பேரும் ஒரு கண்ணை மேடையிலும் ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்திலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அன்று எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் ஃபிர்ஸுக்காக இல்லை. காலி அறையில் ரனேவ்ஸ்கயாவும் காயெவும் கட்டிக்கொண்டு, வெளியே யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் அழும் இடத்தில் அழுதேன். ஊரைவிட்டு மூன்று வருடமாகியிருந்தது. வீடு என்று யார் எதைச் சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் காலம். ஃபிர்ஸ் வந்து கதவுப் பிடியைத் தொட்டபோது நான் பைனாகுலரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே அப்படித்தான். அவர் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை.

ரயிலில் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: “நாடகத்தில் யெகோர் யார்?” எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேடையில் அந்தப் பெயரில் யாரும் வரவே இல்லை என்று நாங்கள் சாதித்தோம். அவர் சிரித்துவிட்டு, “திரும்பப் படியுங்கள்” என்றார். அவ்வளவுதான், மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பப் படிக்க ஒன்பது வருடமாயிற்று.

அதற்குக் காரணம் ஒரு சர்க்கரைப் புண். 1995-இல் கடலோரத் தாலுகா ஒன்றில் சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். எழுபது தாண்டிய ஒரு பெரியவர், பனையேறி. வலது காலில் புண் கறுத்துக்கொண்டு வந்தது. உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கடிதம் எழுதினேன். அதற்குள் ஒரு பிரசவக் கேஸ் வந்துவிட்டது. பிரசவ அறையிலிருந்தே குரல் கொடுத்தேன்: “அந்தப் பெரியவரை அனுப்பியாச்சா?” “அனுப்பியாச்சும்மா.” மத்தியானம் சிஸ்டர் கேட்டார். “ஆமாம், போயாச்சு” என்று நானே பதில் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, மேஜையில் பிரஷர் பார்க்கும் பெட்டிக்கு அடியில் என் கையெழுத்தில் அந்தக் கடிதம். கடிதம் இல்லாமல் அங்கே ஆளைச் சேர்க்கமாட்டார்களே என்று நினைத்தேன். அதற்கடுத்து, ஆள் போயிருந்தால் கடிதமும் போயிருக்குமே என்று நினைத்தேன். பின்பக்கம் எக்ஸ்ரே அறை வராந்தாவில், பெஞ்சில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “கூப்பிடுவீங்கன்னு இருக்கேன் தாயி” என்றார்.

வண்டியில் போனது வேறொரு நோயாளி. யார் யாரிடம் சொன்னார்கள் என்று விசாரித்தால், எல்லோரும் சொல்லித்தான் இருக்கிறார்கள். மறுநாள் விடியற்காலை அனுப்பினோம். கால் தப்பியது, இரண்டு விரல் போயிற்று. அந்த ஒரு பகல்தான் காரணமா என்று அங்கிருந்த சர்ஜனிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று இரவு வீட்டில், ரஸ்தோவிலிருந்து சுமந்துவந்த செகாவ் தொகுதியை எடுத்து நான்காம் அங்கத்தை மட்டும் படித்தேன். யெகோரைக் கண்டுபிடித்தேன்.

அதை அப்படியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரையில் இது ஒரு வரியில் கடந்துபோகிறது. ரனேவ்ஸ்கயாவின் மகள் ஆன்யா, வேலையாள் யாஷாவிடம் கேட்கிறாள்: ஃபிர்ஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சா? யாஷாவின் பதில்: காலையிலேயே சொன்னேன், அனுப்பியிருப்பார்கள் என்றுதான் நினைக்க வேண்டும். ஆன்யாவுக்குத் திருப்தியில்லை. அந்த வழியாகப் போகும் கணக்கர் எப்பிகோதவிடம், விசாரித்துச் சொல்லுங்கள் என்கிறாள். யாஷாவுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. யெகோரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேனே, பத்துத் தடவை எதற்குக் கேட்கிறீர்கள் என்று முறைக்கிறான். யாஷா சொல்லும் இந்த யெகோர்தான் ஆசிரியை கேட்ட ஆள். நாடகத்தில் ஒரே ஒரு தடவை, யாரோ கோபத்தில் உதிர்க்கும் பெயர். எப்பிகோதவோ விசாரிக்கப் போகவில்லை. கிழவரை இனிமேல் பழுதுபார்த்துப் பயனில்லை, முன்னோரிடம் போய்ச்சேர வேண்டியதுதான் என்று தத்துவம் பேசிக்கொண்டே ஒரு தொப்பிப் பெட்டியின் மேல் கனமான பெட்டியை வைத்து அதை நசுக்குகிறார்.

அடுத்து கதவுக்குப் பின்னாலிருந்து வார்யாவின் குரல். ரனேவ்ஸ்கயாவின் வளர்ப்பு மகள், வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருந்தவள். ஃபிர்ஸைக் கூட்டிப் போய்விட்டார்களா என்று கேட்கிறாள். போய்விட்டார்கள் என்று பதில். அப்படியானால் டாக்டருக்கான கடிதத்தை ஏன் எடுத்துக்கொண்டு போகவில்லை? உடனே ஆன்யா, பின்னாலேயே கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஓடுகிறாள்.

நாடகம் முழுவதும் எனக்கு இந்த ஒரு வரியில் இருக்கிறது. கடிதம் இங்கே இருக்கிறது. அதாவது ஆளும் இங்கே இருக்கிறார். வார்யாவின் வாயிலேயே அது வந்துவிட்டது. இன்னும் ஒரு படி யோசித்தால், நாலு எட்டு நடந்து ஃபிர்ஸின் அறையை எட்டிப் பார்த்தால், நாடகம் வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் கடிதத்தை அனுப்பத்தான் ஓடுகிறார்கள். இதை எழுதியவர் 1884-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தவர், காலராக் காலத்தில் கிராமம் கிராமமாகச் சுற்றியவர். பரிந்துரைக் கடிதம் மேஜையில் தங்கிவிட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இதற்குப் பிறகு ரனேவ்ஸ்கயா இரண்டு கவலைகளோடு கிளம்புகிறேன் என்கிறார். முதல் கவலையே ஃபிர்ஸ்தான். ஆன்யா சமாதானம் சொல்கிறாள்: அவரை அனுப்பியாச்சும்மா, காலையில் யாஷாதான் அனுப்பிவைத்தான். வினைச்சொல் எப்படி மாறிக்கொண்டே வருகிறது பாருங்கள். ‘சொன்னேன்’ என்று தொடங்கியது, ‘அனுப்பியிருப்பார்கள்’ ஆகி, ‘போய்விட்டார்கள்’ ஆகி, கடைசியில் யாஷாவே கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிவிட்ட மாதிரி ‘அனுப்பிவைத்தான்’ என்று முடிகிறது. யாஷா என்பவன் யார்? அவனைப் பார்க்கக் கிராமத்திலிருந்து வந்து, வேலைக்காரர் அறையில் நேற்றிலிருந்து காத்துக்கிடக்கும் பெற்ற தாயையே முதல் அங்கத்தில் கண்டுகொள்ளாதவன். கடைசி அங்கத்தில் அந்தத் தாய் மறுபடி வழியனுப்ப வந்தபோதும் கையை உதறியவன். மூன்றாம் அங்கத்தில் ஃபிர்ஸின் முகத்துக்கு நேராகவே, சீக்கிரம் செத்துத் தொலை என்றவன். அவனிடம் போய்ப் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பூட்டுகிறவர் லோபாகின். அவரும் கேட்காமல் இல்லை. எல்லோரும் இங்கே இருக்கிறீர்களா, அங்கே யாரும் இல்லையே என்று கேட்டுக்கொண்டேதான் பக்கவாட்டுக் கதவைப் பூட்டுகிறார். இந்த வீட்டில் ஒருவரும் ஃபிர்ஸை மறக்கவில்லை என்பதுதான் என் வாதம். ஐந்து தடவை அந்தப் பேச்சு வருகிறது. ரனேவ்ஸ்கயாவின் அன்பு பொய்யில்லை, ஆன்யாவின் அக்கறை பொய்யில்லை. எழுந்துபோய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. மறந்துவிட்டார்கள் என்று சொல்வது ஃபிர்ஸ் மட்டும்தான்.

அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மூலத்தைப் படித்தால்தான் சட்டென்று காதில் விழும். முதல் அங்கத்தில் ஃபிர்ஸ் ஒரு பழைய கதை சொல்வார். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்பு இந்தச் செர்ரிப் பழங்களை உலர்த்தி, ஊறவைத்து, ஜாம் போட்டு, வண்டி வண்டியாக மாஸ்கோவுக்கும் கார்கவுக்கும் அனுப்புவார்கள், நல்ல காசு வரும், அந்தப் பக்குவம் அப்போது தெரிந்திருந்தது என்பார். இப்போது அந்தப் பக்குவம் எங்கே என்று ரனேவ்ஸ்கயா கேட்பார். ‘ஜபீலி’ என்பார் ஃபிர்ஸ். மறந்துவிட்டார்கள், ஒருவருக்கும் ஞாபகமில்லை. நான்காம் அங்கத்தில் பூட்டிய கதவின் முன்னால் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் அதே ‘ஜபீலி’தான். அவரிடமே யாராவது பக்குவத்தைக் கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். கேட்கவில்லை. மூன்றாம் அங்கத்தில் ஃபிர்ஸ் தன் ஆரோக்கியத்தின் ரகசியத்தையும் சொல்கிறார்: காலஞ்சென்ற எஜமானர் எல்லா வியாதிக்கும் அரக்குதான் கொடுப்பாராம், முத்திரை வைக்கிற அரக்கு. இருபது வருடத்துக்கு மேல் தினமும் அதைச் சாப்பிட்டு வருவதால்தான் உயிரோடு இருக்கிறேனோ என்னவோ என்கிறார். டாக்டர் எழுதிய நாடகம் என்பது இங்கேயும் தெரியும்.

சரி, சாவு விஷயத்துக்கு வருகிறேன். முடிவில் இரண்டு சத்தங்கள். வானத்திலிருந்து வருவதுபோல ஒரு தந்தி அறுந்து தேயும் ஒலி. இது இரண்டாம் அங்கத்திலேயே ஒருமுறை கேட்டதுதான். அப்போது லோபாகின், எங்கோ சுரங்கத்தில் வாளி அறுந்து விழுந்திருக்கும் என்றார். இதைப் பற்றி மேதைகள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியம் மற்ற சத்தம், தோட்டத்தில் மரத்தை வெட்டும் கோடாரி. கோடாரிச் சத்தம் கேட்கிறது என்றால் கூப்பிடு தூரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். போதாததற்கு, லோபாகின் கார்கவுக்குக் கிளம்பும்போது எப்பிகோதவை வேலைக்கு அமர்த்தி, பண்ணையைப் பார்த்துக்கொள்ள இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆக, கதவைத் திறந்துவிட ஆள் இருக்கிறது. என்ன, அந்த ஆளுக்கு ஊரில் பட்டப்பெயர் ‘இருபத்திரண்டு சங்கடம்’. அதுதான் இதில் வேடிக்கை. விசாரித்துச் சொல் என்றதற்குத் தத்துவம் பேசிய அதே ஆள்.

ஃபிர்ஸ் ஏன் ஒரு சத்தம் போடவில்லை? கதவுப் பிடியைத் தொட்டுப் பார்க்கிறார், பூட்டியிருக்கிறது என்கிறார், உட்கார்ந்துவிடுகிறார். உடனே காயெவைப் பற்றிக் கவலை: குளிருக்கு ரோமக்கோட்டைப் போட்டிருக்கமாட்டார், மெல்லிய கோட்டோடு போயிருப்பார், நான் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று. 51 வயதுக் காயெவை அவர் கடைசிவரை சின்னப் பையனாகத்தான் பார்க்கிறார். 1861-இல் ஜார் அடிமைமுறையை ஒழித்தபோது, எனக்கு விடுதலை வேண்டாம் என்று எஜமானரோடு தங்கியவர் இவர். அந்த விடுதலையையே ‘அந்தத் துன்பம்’ என்று குறிப்பிடுகிறவர். பண்ணை விற்றுப்போனால் எங்கே போவாய் என்று ரனேவ்ஸ்கயா கேட்டதற்கு, எங்கே போகச் சொல்கிறீர்களோ அங்கே என்றவர். இப்போது போகச் சொல்ல ஆளில்லை. என் வராந்தாப் பெரியவர் எக்ஸ்ரே அறைக்கு வெளியே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததும் இப்படித்தான். பத்தடி தூரத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

ஃபிர்ஸின் கடைசிச் சொல்லைக் கட்டுரையாளர் ‘முட்டாள்’ என்று பெயர்த்திருந்தார். ‘நெதத்யோபா’ என்பதற்கு அவ்வளவு கடுமை கிடையாது. ‘அரைவேக்காடு’ என்றால் கிட்டே வரும் என்று நினைக்கிறேன். நாடகம் முழுக்க ஃபிர்ஸ் மற்றவர்களை இந்தச் சொல்லால்தான் திட்டிக்கொண்டிருப்பார். ரனேவ்ஸ்கயாவே ஒருதரம், எங்கள் ஃபிர்ஸ் சொல்கிற மாதிரி நீ ஒரு நெதத்யோபா என்று மாணவன் திரபீமவைத் திட்டுவார். கடைசியில் அறையில் திட்டுவதற்கு வேறு யாரும் இல்லை.

செகாவ் இதைக் ‘காமெடி’ என்றுதான் குறித்தார். நாடகத்தை இயக்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஒப்புக்கொள்ளவில்லை, இது சோகநாடகம், படித்துவிட்டுப் பெண்ணைப் போல அழுதேன் என்று அவருக்கே எழுதினார். (பெண்கள் அப்படி ஒன்றும் எதற்கெடுத்தாலும் அழுவதில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.) 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் நாடகம் ஏறியது. காயெவாக ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, ரனேவ்ஸ்கயாவாக செகாவின் மனைவி ஓல்கா நிப்பர். அந்த மார்ச்சில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் செகாவ் பொருமியிருக்கிறார்: 12 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாத நான்காம் அங்கத்தை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி 40 நிமிடம் இழுக்கிறார் என்று. ஜூலையில் செகாவ் ஜெர்மனியில் காசநோயால் இறந்தார், வயது 44.

அந்த 12 நிமிடத்தை நான் வெகுநாள் வெறும் எரிச்சல் என்று நினைத்திருந்தேன். இப்போது அது மருந்துச்சீட்டு மாதிரி தெரிகிறது. ரயிலுக்கு முக்கால் மணிதான் இருக்கிறது, இருபது நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று லோபாகின் ஆரம்பத்திலேயே சொல்கிறார். பெட்டி, காலணி, வாங்கிவந்த ஷாம்பேனை யாரும் தொடாமல் யாஷா ஒருவனே குடித்துத் தீர்ப்பது, லோபாகின் வார்யாவிடம் கல்யாணப் பேச்சை எடுக்க வந்து வெளிக்குளிரைப் பற்றிப் பேசிவிட்டு ஓடுவது, எல்லாம் அந்த அவசரத்துக்குள் நடக்க வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில், அனுப்பியாச்சா, அனுப்பியாச்சு என்று பேசினால் பார்க்கிற நமக்கும் அது சரி என்றே தோன்றும். நாமும் ஃபிர்ஸை விட்டுவிட்டுக் கிளம்பியிருப்போம். நிறுத்தி நிதானமாக, விம்மி விம்மி நடித்தால், இவ்வளவு நேரம் இருக்கிறதே, ஒருவர் போய்ப் பார்த்தால் என்ன என்று கோபம்தான் வரும்.

தகன்ரோக்கில் கேட்ட இன்னொரு சங்கதி. 1876-இல் செகாவின் அப்பா கடன்காரர்களுக்குப் பயந்து மாஸ்கோவுக்கு ஓடினார். குடும்பமும் பின்னாலேயே போயிற்று. அவர்கள் வீடு, அங்கே குடியிருந்த ஒரு நண்பரின் கைக்குப் போனது. பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டிய 16 வயது ஆன்டன் மட்டும் அதே வீட்டில் தங்கினார், புது உரிமையாளரின் உறவுப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, 1879 வரை. இதனால்தான் ஃபிர்ஸை எழுதினார் என்று நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் கைமாறிய வீட்டில் தனியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

இந்த நாடகத்தைத் தமிழில் யாராவது மேடையேற்ற வேண்டும் என்று கட்டுரையாளர் ஆசைப்பட்டிருந்தார். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஏற்றுகிறவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நேரம் போதவில்லை என்று வெட்ட ஆரம்பித்தால் வீட்டு ஆசிரியை ஷார்லோட்டாவின் வித்தைகளைக் குறையுங்கள், மாணவனின் பிரசங்கத்தைக் குறையுங்கள். கதவுக்குப் பின்னாலிருந்து வார்யா கேட்கும் அந்தக் கடிதக் கேள்வியைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். அதைச் சத்தமாகச் சொல்லக்கூட வேண்டாம், போகிற போக்கில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்,
கோவில்பட்டி.